காவலும் ஒரு கட்டோ?

கொல்லாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார் விலக்க வேண்டிய அதிசாரங்கள் ஐந்து என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் இவ்வைந்தனுள் கட்டுதலையே முதலில் வைத்துள்ளார். அடிப்பதற்கும் அறுப்பதற்கும் முன்னால் கட்டுவதை ஏன் வைத்தார் என்று நாம் இளமையில் எண்ணிப் பார்த்ததில்லை. வந்தவாசிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் பாட்டனார் மாலை வேளையில் கன்றைக் கட்டும்போது முடிச்சைத் தளர்வாகவே இடுவார். கொட்டகை தீப்பற்றினால் கன்று தானே இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பார். பந்தம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தாம்புக் கயிறு ஒன்றே. மனிதரையும், அதுவும் நாம் பெரிதும் நேசிக்கும் ஒருவரையும், கட்டிப்போட இயலும் என்பதை எழுபது வயதுக்கு மேல் நம் தம்பியின் வீட்டிலேதான் கற்றோம்.

தம்பி ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். செம்பரம்பாக்கத்தில் சிறு வீடு ஒன்று கட்டிக் குடியிருக்கின்றார். நாமும் பள்ளிப் பணி முடிந்த பின்னர் அவ்வீட்டின் பின்கட்டில் இருந்து வருகின்றோம். 2019ஆம் ஆண்டு முதல் அவருடைய இதயம் படிப்படியாகத் தளர்ந்தது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும். மாற்று இதயத்திற்குப் பதிவு செய்து காத்திருந்தும் கிடைக்கவில்லை. 2021இல் நிலத்தில் பெரும் பகுதியை விற்று, நகரில் உள்ள மருத்துவமனை ஒன்றில் இதய பம்பு பொருத்திக்கொண்டார்.

நம் வாசகர்களுள் பலர் இதனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் ஆதலின் சிறிது விளக்குவோம். நம் நாட்டில் முதல் இதய மாற்று அறுவை 1994 ஆகஸ்டில் தில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர் வேணுகோபால் குழுவினரால் செய்யப்பெற்றது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் இதயத்தை, மருத்துவர்களாகிய பெற்றோர் மனமுவந்து அளிக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 மணித்துளிகளில் கொண்டு சேர்த்ததை யாவரும் அறிவர். அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை பெருகியது. எனினும் கேட்போர் பலர். கிடைக்கும் இதயங்கள் சில. அவ்வாறு காத்திருப்போர்க்கும், வயதினாலோ வேறு நோயினாலோ மாற்று இதயம் பெற இயலாதோர்க்கும் வந்ததே இந்தப் பம்பு. பெங்களூர் நாராயண இருதயாலயத்தில் 2008இல் இது பொருத்தப்பெற்றது. சென்னையில் மருத்துவர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் பலருக்குப் பொருத்தியுள்ளனர்.

பம்பு இதயத்தை எடுத்துவிட்டு வைக்கப்படுவதன்று. இதயத்தின் இடக் கீழறையின் நுனியில் இணைக்கப்பட்டு, அவ்வறையின் குருதியை ஈர்த்துப் பெருந்தமனிக்குள் செலுத்துகின்றது. உள்ளே சிறிய சுழலி ஒன்று நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுற்றுகின்றது. புதிய வகைகளில் அது காந்த விசையால் எதையும் தொடாமல் மிதந்துகொண்டே சுழல்கின்றது. அதிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோலின் வழியே வெளியே வந்து, இடுப்பில் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடைகின்றது. பெட்டிக்கு இரண்டு பேட்டரிகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைக் கிலோ. புதிய வகைகளில் ஒரு சோடி 17 மணி நேரம் வரை தாங்கும் என்பர். இரவில் சுவரிலுள்ள மின் இணைப்பில் மாட்டிக்கொண்டு உறங்க வேண்டும். குருதி இடைவிடாது ஓடுவதால் பலருக்கு நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படாது. நாடி பிடித்து நோயறிந்த மரபினராகிய நமக்கு, நாடி இல்லாத மனிதர் எதிரில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பது முதலில் திகைப்பாகவே இருந்தது.

பம்பினால் ஆயுள் நீள்கின்றது என்பதில் ஐயமில்லை. 2001இல் அமெரிக்காவில் 129 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், மருந்து மட்டும் உண்டவர்களில் ஓராண்டுக்குப் பின் நூற்றுக்கு 25 பேரும், அக்காலத்துப் பழைய பம்பு பெற்றவர்களில் 52 பேரும் உயிருடன் இருந்தனர். 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, புதிய வகைப் பம்பு பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப் பின்னும் நூற்றுக்கு 58 பேர் இருந்தனர். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது வேறு வினா. நம் கட்டுரை அதனைப் பற்றியது.

பம்பு பொருத்திய சில மாதங்களில் தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. இக்கருவியால் வரக்கூடிய இடர்களுள் அதுவும் ஒன்று. உயிருக்கு ஊறில்லை, இடக் கையும் இடக் காலும் வலுவிழந்தன. அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம் ஏற்பட்டது. அவர் தனியே குளிக்கலாகாது, கழிவறைக் கதவைத் தாழிடலாகாது, வாசல் தாண்டலாகாது. பேட்டரியைத் தம்பி மனைவியோ மகனோ நாமோ மாற்றுவோம். உணவு கைக்கு வரும். செய்தித்தாள் கைக்கு வரும். அவர் எழுந்தால் மூவர் எழுவோம். உற்றார் உறவினர் வந்து பார்த்து, இப்படிப் பார்த்துக்கொள்ள யாருக்கு வாய்க்கும் என்று புகழ்ந்து சென்றனர். நாமும் அப்புகழுரையில் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

ஒருநாள் பிற்பகல் அவர் கண்ணயர்ந்திருந்தார். பேட்டரியின் பச்சை விளக்குகளில் ஒன்றே எஞ்சியிருப்பதைக் கண்டு, எழுப்ப வேண்டாமே என்று நாமே மாற்றத் தொடங்கினோம். ஒன்றைக் கழற்றியதும் பெட்டி ஒலி எழுப்பியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கழற்ற வேண்டும், இரண்டையும் ஒருசேரக் கழற்றலாகாது என்பதை அறிந்தேதான் செய்தோம். ஆயினும் அவர் திடுக்கிட்டு விழித்து நம் கையைப் பார்த்தார். சினக்கவில்லை. "அக்கா, என் உயிரை எனக்குத் தெரியாமல் கழற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம் நினைவுக்கு வந்தது. குழந்தை எழுத்தைத் தப்பாக எழுதும்போது பலப்பத்தைப் பிடுங்கி நாமே எழுதிக் காட்டலாகாது என்பர். பிடுங்கினால் பலகையில் எழுத்து அழகாக அமையும், குழந்தையின் கையில் எழுத்து அமையாது. இதனை முப்பதாண்டுகளுக்கு மேல் கடைப்பிடித்தவர்கள் உடன்பிறந்தவரிடம் மறந்தோம்.

பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இருப்பதை இப்பகுதியார் அறிவர். நாம் அருகில் பணியாற்றிய காலத்தில், அப்பள்ளி மாணவர் ஒருவர் சாலையைக் கடக்க நின்றிருந்தார். இரக்கத்தால் ஓடிச் சென்று அவர் கையைப் பற்றி இழுத்தோம். அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, "அம்மா, நீங்கள் என்னைப் பிடிக்க வேண்டாம். உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் முறை அதுவே என்று பின்னர்த் தெரிந்துகொண்டோம். பிடிப்பவர் அவரானால், வேண்டும்போது விடுபவரும் அவரே. பிடிப்பவர் நாமானால் அவர் நம் சுமை. விடுவது நம் விருப்பம். கட்டுக்கும் துணைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே என்று அன்றிரவு நமக்குப் பட்டது.

ஒரு செயல் நிகழ உபாதானம், நிமித்தம் என்று இரு காரணங்களைச் சமணம் கூறும். மண்ணே குடமாகின்றது; குயவன் நிமித்தம். எவ்வுயிரும் தன் வாழ்வைத் தானே வாழ வேண்டும். பிறர் அதற்கு நிமித்தமாகலாமேயன்றி உபாதானமாக இயலாது. நோயாளிக்காக நாம் எல்லாவற்றையும் செய்யும்போது, இயலாத ஒன்றை இயற்ற முற்படுகின்றோம்: அவருடைய நாளை நாம் வாழப் பார்க்கின்றோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவானதும் ஆகும். பிரமாதம், அதாவது கவனமின்மை, அதனால் உயிர்க்கு நேரும் கேடே இம்சை என்பதும் அதே தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்துத்தான். வலுவிழந்த கையுடையவரிடம் பேட்டரியை விட்டுவிட்டு வாளாவிருப்பது பிரமாதம் ஆகாதா? தம்பி மனைவி இதையே கேட்டார்: "அண்ணி, கட்டாமல் இருப்பது அகிம்சை என்றால், விழவிடுவது என்ன?"

நாம் எண்ணிப் பார்த்ததில் தெளிந்தது இது. கவனம் வேறு, அச்சம் வேறு. பயம் என்பதை நம் நூல்கள் நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஒன்றாக எண்ணுகின்றன. அருவருப்பும் அவற்றுள் ஒன்றே. கஷாயத்தால் செய்யும் செயல் எவ்வளவு அன்பாகத் தோன்றினும் அதன் நோக்கு நம் மன அமைதியே. தம்பியின் கழிவறைக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னது யாருடைய நிம்மதிக்கு? கவனம் உடையவர் கதவைத் திறந்து வைப்பதற்குப் பதிலாக, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழைப் பொருத்துவார். இந்த எண்ணம் வந்த பிறகுதான் வீட்டில் வேலை தொடங்கிற்று.

கழிவறைத் தாழ் முதலில் மாற்றப்பட்டது. சுவர்களில் கைப்பிடிக் கம்பிகள் வந்தன. நடைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த உயர்ந்த படியை எடுத்துவிட்டோம். இரவில் கம்பியோடு நடக்கையில் கால் தடுக்காதபடி, கட்டிலைக் கழிவறைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, மின் கம்பி செல்லும் வழியில் சிறு விளக்கு வைத்தோம். கம்பி வெளிவரும் இடம் நனையலாகாது என்பதால் முக்காலியில் அமர்ந்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்கின்றார். முதுகுக்கு மட்டும் மகனைக் கூப்பிடுகின்றார். அப்புண்ணின் கட்டை மாற்றுவதைக் கண்ணாடி பார்த்து அவரே பாதி செய்வார், மீதியைத் தம்பி மனைவி செய்வார்.

பேட்டரிதான் கடினம். கவ்வியில் செருகவும் கழற்றவும் இரு கைகள் வேண்டும். கருவியின் எந்தப் பகுதியிலும் எதையும் மாற்றலாகாது என்று மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். ஆகவே கருவியை விட்டுவிட்டு மேசையை மாற்றினோம். கடைசல் பட்டறையில் நாற்பதாண்டு இருந்தவர் அல்லவா? தம்பியே படம் வரைந்து கொடுத்தார். மேசை விளிம்பில் ரப்பர் பதித்த மரப்பள்ளம் ஒன்றைத் தச்சர் செய்தார். அதில் கவ்வியைப் பதித்து வைத்தால் அசையாது. வலக் கை ஒன்றே போதும். கை கால் பயிற்சி அளிக்கும் அம்மையார் வந்து பார்த்து, மூன்று வாரம் உடனிருந்து பழக்கி, கண்ணை மூடிக்கொண்டும் செய்யச் சொல்லித் தேர்வு வைத்தார். முதல் நாள் மாற்றுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நாம் நம் கைகளை மடியில் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோம். ஆசிரியப் பணியில் அவ்வளவு கடினமான நேரம் நமக்கு வாய்த்ததில்லை.

தம்பி வேடிக்கையாக ஒன்று சொல்வார். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் தமக்கு இரண்டு தாமாகவே வந்துவிட்டன என்பார்: பார்த்து நடக்கும் ஈர்யா சமிதி, பொருள்களைக் கவனமாக எடுத்து வைக்கும் ஆதானநிட்சேபண சமிதி. வேடிக்கைதான், ஆனால் தம் கையால் எடுத்து வைப்பவர்க்கன்றோ அச்சமிதி?

நாம் செய்த பணி ஒன்றுண்டு. வாசல் உட்புறச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டினோம். இவருக்கு நாடி தென்படாது, அதனால் உயிரில்லை என்று எண்ண வேண்டாம். மார்பில் காது வைத்தால் பம்பின் ரீங்காரம் கேட்கும். வழக்கமான குருதி அழுத்தக் கருவி காட்டாது போகலாம். மாற்றுப் பெட்டியும் பேட்டரியும் உள்ள பையை உடன் எடுங்கள். முதலில் இந்த எண்ணை அழையுங்கள். 108 ஊர்தியில் வருவோர்க்காக எழுதியது. வருகின்ற உறவினர் எல்லாரும் இப்போது அதைப் படித்துவிட்டே உள்ளே வருகின்றனர்.

உபவாசம் பற்றிய வழக்கு இதைவிடப் பெரிது. தம்பி அட்டமி சதுர்த்தசிகளில் உபவாசம் இருக்கும் வழக்கமுடையவர். நீரும் இன்றி இருந்தால் உடலில் நீர் குறைந்து, பம்புக்கு வரும் குருதி குறைந்து, அபாய ஒலி எழும். வார்ஃபரின் மாத்திரை உண்பவர் உணவை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொண்டிருப்பதும் தகாது. கீரையைக்கூட அறவே நிறுத்தாமல், நாள்தோறும் ஒரே அளவாக உண்க என்றே சொல்கின்றனர். வீட்டார் "உபவாசம் கூடாது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டனர். அவர் அதற்குப் பின் பல நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இங்கும் பலப்பத்தைப் பிடுங்கினோம். பின்னர் அவரே மருத்துவரிடம் சென்று கேட்டார். அனசனம் ஒன்றே தவமன்று, சுவை துறத்தலாகிய இரச பரித்தியாகமும் புறத்தவம் ஆறனுள் ஒன்று என்று தாமே எடுத்துச் சொல்லி, பர்வ நாள்களில் நெய்யும் சர்க்கரையும் விடுவதாக ஏற்பாடு செய்துகொண்டார். உப்பையும் சேர்க்கலாமே என்றோம். "உப்பை மருத்துவர் முன்பே பறித்துக்கொண்டார், பறிகொடுத்ததைத் துறந்தேன் என்று சொல்ல முடியுமா?" என்றார். இதனினும் தெளிவாகத் துறவை நாம் விளக்கியிருக்க மாட்டோம்.

திக்விரதத்தை எண்ணுகின்றோம். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று தானே எல்லை வகுத்துக்கொள்வது குணவிரதம். அதே எல்லையைப் பிறர் வகுத்தால் அது பந்தம். அடி ஒன்றுதான்; அளப்பவர் வேறு.

சல்லேகனை வழக்கில் 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் தடை விதித்து, அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததை நம் குடும்பங்கள் கவலையோடு பார்த்திருந்தோம். அந்நினைவால் போலும், உறவினர் சிலர் தாழ்ந்த குரலில் நம்மிடம், இத்தனை பாடு எதற்கு, கருவியை விலக்கிச் சல்லேகனை ஏற்கலாகாதா என்று வினவியதுண்டு. தீர்க்கவொண்ணா நோயிலும் மூப்பிலும் ஏற்பதென்று ஆசாரியர் சமந்தபத்திரர் வகுத்தது அது. இங்கே தீர்வு பம்பின் வடிவில் சுழன்றுகொண்டிருக்கின்றது. மேலும், அது ஒருவர் தமக்குத் தாமே ஏற்பது. பிறர் அதனை முன்மொழிவது நமக்கு உடன்பாடன்று. தனக்கென ஒரு வேலையும் இல்லாதபடி கட்டிவைக்கப்பட்டவர் வாழ்வை வெறுத்தால், அவ்வெறுப்பை வைராக்கியம் என்று நாம் பெயரிட்டுவிடலாகாது. முதலில் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அதிலிருந்து அடையாற்றில் திறக்கப்பட்ட வெள்ளமும், பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாது போனதும் எவர்க்கும் மறவா. பம்பு வைத்திருப்போர் வீட்டில் மின்வெட்டு என்பது இருள் மட்டுமன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அறிவிக்கப்பட்டபோது நாங்கள் மூவரும் கூடி, எங்கே அழைத்துச் செல்வது, யார் தூக்குவது என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். உள்ளே சென்று பார்த்தால், தம்பி எல்லாச் சோடிகளுக்கும் மின்னேற்றி, ஒரு தாளில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கெழுதி, பையைக் கட்டி வைத்துவிட்டு, மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் பேசியும் முடித்திருந்தார். மழை தொடங்குமுன் புறப்பட்டோம். மூன்று, நான்காம் தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றதைத் தொலைபேசியில் கேட்டோம். ஓராண்டுக்கு முந்தைய சட்டம் நீடித்திருந்தால் அவர் கட்டிலில் இருந்தபடி எங்கள் விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிதே முடியும், உண்மை முடியாது. கடந்த ஆண்டு மருத்துவர் ஒப்புதலோடு அவர் மாலையில் கோலூன்றி, பையும் கைப்பேசியும் உடன்கொண்டு, தெருமுனை வரை தனியே நடக்கத் தொடங்கினார். பொழுது சாயுமுன் உணவு கொள்ள வேண்டும் ஆதலால் ஐந்து மணிக்குப் புறப்பாடு. இரண்டாம் வாரத்தில் விழுந்தார். குருதி உறையாமைக்கான மருந்து உண்பவர் அல்லவா, முழங்கைக் காயத்தில் குருதி நிற்க நெடுநேரம் ஆயிற்று. தலையில் அடியில்லை என்று தெரியும்வரை மருத்துவமனையில் ஓர் இரவு கழிந்தது. பம்புக்கு ஒன்றும் நேரவில்லை. எட்டாம் நாள் மறுபடியும் கோலை எடுத்தார்.

தம்பி மனைவி தடுக்கவில்லை. ஆனால் அவர் நம்மைப் பார்த்து, "அண்ணி, கட்டினால் அது என் கணக்கில் அதிசாரம் என்றீர்கள். அவர் மறுபடி விழுந்தால் அது யார் கணக்கில்?" என்று கேட்டார். நமக்கு விடை தோன்றவில்லை. கற்றறிந்த அன்பர்கள் யாரேனும் இவ்விதழுக்கு எழுதினால் அவரிடம் படித்துக் காட்டுவோம்.

இப்போதும் ஐந்து மணிக்கு அவர் புறப்படும்போது நாம் வாயிற்படியில் நிற்கின்றோம். தம்பி மனைவி வருவதில்லை. அடுக்களையில் பாத்திரங்களை ஓசையின்றிக் கழுவிக்கொண்டு, கோல் தரையில் படும் ஓசை திரும்பி வருகின்றதா என்று கேட்டுக்கொண்டிருக்கின்றார்.